எழுத்தை விரலால் தொட வைத்தவர்: மரியா மாண்டிசோரியின் கதை

பிள்ளைக்குப் பாலர் பள்ளி தேடும் பெற்றோர் மாண்டிசோரி என்ற சொல்லைப் பார்க்காமல் இருக்க முடியாது. கடைவீடுகளின் மாடியிலும் வீடமைப்புப் பகுதிகளின் முனை வீட்டிலும் அந்தப் பெயர்ப்பலகை தொங்குகிறது. அது ஏதோ ஒரு பாடத்திட்டத்தின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர். இத்தாலியில் பிறந்து, மருத்துவம் படித்து, முதுமையில் சென்னை அடையாற்றில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர்.

நான்கு வயதுப் பிள்ளை சாலையோரப் பலகையைக் காட்டி அது என்ன எழுத்து என்று கேட்கத் தொடங்கிவிட்டால் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். இப்போதே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பள்ளிக்குப் போகும்வரை விளையாடட்டும், பிஞ்சு மனத்தை வருத்தக்கூடாது என்பது இன்னொரு கட்சி. நூறு ஆண்டுகளுக்கு முன் மரியா மாண்டிசோரி அம்மையாரும் இதே கேள்வியைச் சந்தித்தார். தொடக்கத்தில் அவர் இரண்டாவது கட்சியில்தான் இருந்தார். அவரை மாற்றியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத சில தாய்மார்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

மருத்துவம் படித்த பெண்

இத்தாலியின் அங்கோனா மாவட்டத்தில் உள்ள கியாரவல்லே என்ற சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31ஆம் தேதி மரியா பிறந்தார். தந்தை அலெஸாண்ட்ரோ அரசாங்க அதிகாரி. தாயார் ரெனில்டே, அக்காலப் பெண்களில் அரிதாக நன்கு படித்தவர், புத்தகப் பிரியர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பெண் பிள்ளை படித்தால் ஆசிரியை ஆகலாம் என்பதே அன்றைய வழக்கம். மரியா அதை விரும்பவில்லை. பொறியியலாளர் ஆகும் எண்ணத்தில் ஆண்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவத்தின் பக்கம் மனம் திரும்பியது. தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. தாயார் துணை நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் சடலத்தை அறுத்துப் பார்ப்பது முறையல்ல என்று கருதப்பட்டது. அதனால் மற்றவர்கள் போன பிறகு, தனியாக, அவர் அந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டியிருந்தது. 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்கள் சிலருள் அவரும் ஒருவரானார். அதே ஆண்டு பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில் தம் நாட்டின் சார்பில் கலந்துகொண்டு, சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

கைவிடப்பட்ட பிள்ளைகளிடம் கற்ற பாடம்

பல்கலைக்கழகத்தின் மனநலப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் ரோமின் மனநலக் காப்பகங்களுக்கு அவர் அடிக்கடி செல்ல நேர்ந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் அங்கே பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். தொட்டுப் பார்க்கவோ கையில் எடுத்து விளையாடவோ அவர்களுக்கு ஒரு பொருளும் இல்லை. இவர்களுக்கு மருந்தைவிடக் கல்விதான் தேவை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகிய இருவர் அவருக்கு முன்பே இந்தத் துறையில் உழைத்து நூல்கள் எழுதியிருந்தார்கள். அவற்றைத் தேடிப் படித்தார். கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, கையால் தொடுவது ஆகியவற்றின் வழியாகப் பிள்ளைக்கு அறிவு சேர்கிறது என்பது அவர்களுடைய கருத்து. 1900ஆம் ஆண்டு ரோமில் அத்தகைய பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு மரியாவுக்கும் உடன் பணியாற்றிய மருத்துவர் ஜியுசெப்பே மொண்டெசானோவுக்கும் கிடைத்தது. அங்கே மரத்தில் அழகாகச் செதுக்கிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்றார்கள். அவர்களில் சிலர் சாதாரணப் பிள்ளைகளுக்கான பொதுத் தேர்வையே எழுதித் தேறினார்கள்.

எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால், மரியாவின் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளே இந்த முறையில் இவ்வளவு தூரம் வர முடிகிறது என்றால், நல்ல நிலையில் உள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் எந்த அளவுக்குப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கின்றன?

சொல்ல முடியாத ஒரு தாய்மை

இதே காலத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு பெரும் துயரமும் நிகழ்ந்தது. மொண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898ஆம் ஆண்டு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. மரியோ என்று பெயரிட்டார்கள். திருமணம் ஆகவில்லை. திருமணம் ஆகாமல் தாயான செய்தி வெளியே தெரிந்தால் ஒரு பெண் மருத்துவரின் தொழில் வாழ்க்கை அன்றோடு முடிந்துவிடும். பிள்ளை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்க ஒப்படைக்கப்பட்டது.

சில ஆண்டுகளில் மொண்டெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். 1901ஆம் ஆண்டு மரியா அந்தப் பள்ளியை விட்டு விலகினார். அவ்வப்போது போய் மகனைப் பார்த்து வந்தார். தாம் யார் என்று மட்டும் சொல்லவில்லை. ஊரார் பிள்ளைகளை உற்று நோக்குவதே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர், தம் பிள்ளை நடை பழகியதையும் எழுத்துக் கற்றதையும் அருகிலிருந்து பார்க்க முடியாமல் போனது.

சான் லொரென்சோவின் குழந்தைகள் இல்லம்

ரோமில் சான் லொரென்சோ என்ற பகுதி அப்போது ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்பாக இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனதும் பள்ளி வயது ஆகாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடி, புதிதாகப் புதுப்பித்த சுவர்களில் கிறுக்கினார்கள். கட்டடத்தைப் பராமரித்த நிறுவனம் சுவரைக் காப்பாற்ற ஒரு வழி தேடியது. பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள மரியாவை அழைத்தது. 1907 ஜனவரி 6ஆம் தேதி முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 50 பிள்ளைகள், எல்லாரும் ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள். பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர், அந்தப் பகுதிப் பெண் ஒருவர்தான்.

தாம் முன்பு பயன்படுத்திய பொருள்களை மரியா அங்கே கொண்டுவந்து வைத்தார். துளைகளில் பொருத்தும் மர உருளைகள், அடுக்கும் கட்டைகள், வடிவச் சட்டங்கள். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அந்த உருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக இருந்ததை ஒரு நாள் கவனித்தார். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்துப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தும் பார்த்தார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. மரியா எண்ணத் தொடங்கியதிலிருந்து 42 முறை அதையே செய்துவிட்டு, களைப்பின்றி, ஏதோ நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல நிறுத்தினாள். சிறு பிள்ளைக்குக் கவனம் நிலைக்காது என்ற கருத்து அன்றோடு அவர் மனத்திலிருந்து விலகியது.

தாய்மார்களின் வேண்டுகோள்

ஆனால், எழுத்து கற்பிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆறு வயதுக்கு முன் எழுத்தும் படிப்பும் வேண்டாம் என்பதே அக்காலக் கல்வியாளர்களின் கருத்து. அவரும் அதையே நம்பினார். சில மாதங்களில் பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து நின்றார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் பெயரையே எழுதத் தெரியாது. பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும்படி கெஞ்சினார்கள். பிள்ளைகளும் இன்னும் ஏதோ வேண்டும் என்று கேட்பது போலவே அவருக்குத் தோன்றியது. கடைசியில் அவர் இசைந்தார்.

முன்பு வைத்திருந்தது போன்ற மர எழுத்துகளைச் செய்துதர யாரும் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி, பலகையைத் தேய்க்கும் மணல்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். தனியாக, தாளிலும் அட்டையிலும் ஏராளமான எழுத்துகளை வெட்டி வைத்தார். உயிரெழுத்து ஒரு நிறம், மெய்யெழுத்து இன்னொரு நிறம். வசதி இல்லாததால் செய்த இந்த ஏற்பாடுதான் பெரிய கண்டுபிடிப்பாக மாறியது. விலை உயர்ந்த மர எழுத்து ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்கும். தாள் எழுத்துகளை வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம். அவற்றை வரிசைப்படுத்திப் பிள்ளைகள் சொற்களையே உருவாக்கலாம்.

விரல், காது, பிறகு கண்

அவர் முறையின் சாரம் எளியது. பிள்ளை இரண்டு விரல்களால் மணல்தாள் எழுத்தை, எழுதும் திசையிலேயே தடவுகிறது. அதே நேரத்தில் அந்த எழுத்தின் ஒலியைக் கேட்கிறது, சொல்கிறது. எழுத்தின் பெயர் முக்கியமல்ல, ஒலிதான் முக்கியம். கண்ணும் காதும் கையும் ஒரே நேரத்தில் அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

பாடம் மூன்று படிகளாக நடந்தது. முதலில் இரண்டு எழுத்துகளைக் காட்டி ஒலியைச் சொல்வது. அடுத்து, ஒலியைச் சொல்லி எழுத்தை எடுத்துத் தரக் கேட்பது. மூன்றாவதாக, எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்லக் கேட்பது. பிள்ளை தவறினால் திருத்துவதில்லை, கடிந்துகொள்வதும் இல்லை. இன்று அதற்கு நேரம் வரவில்லை என்று பொருள். வேறொரு நாள் மீண்டும் தொடங்கினால் போதும்.

பென்சில் பிடிப்பதற்கான பயிற்சி தனியாக நடந்தது. மர உருளையின் சிறு குமிழை மூன்று விரல்களால் பிடித்துத் தூக்குவதே பிற்காலத்தில் பென்சில் பிடிப்பதற்கான பழக்கம். பிறகு உலோகச் சட்டத்துக்குள் வடிவங்களை வரைந்து கோடுகளால் நிரப்புவார்கள். எழுதுவதற்குத் தேவையான அனைத்தும் தனித்தனியாகக் கைக்கு வந்துவிடும். பிள்ளை அதுவரை ஓர் எழுத்துகூட எழுதியிருக்காது.

1907 டிசம்பரில் வெயிலடித்த ஒரு நாள், பிள்ளைகளோடு மொட்டைமாடியில் மரியா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். மரியா பாராட்டினார். சிறுவன் அவரைப் பார்த்தான், ஒரு கணம் திகைத்தவன் போல நின்றான். பிறகு தனக்கு எழுதத் தெரியும் என்று கத்திக்கொண்டே குனிந்து, கை என்ற சொல்லைத் தரையில் எழுதினான். அடுத்துப் புகைபோக்கி என்று எழுதினான், அதன்பின் கூரை என்று எழுதினான். சத்தம் கேட்டு மற்ற பிள்ளைகள் ஓடி வந்து சுண்ணக்கட்டி கேட்டார்கள். அதுவரை எழுதியே பார்க்காத பல பிள்ளைகள் அன்று எழுதினார்கள்.

அந்த நாள்களில் வீட்டுச் சுவர், கதவு, தரை, ரொட்டியின் மேலோடு என்று எல்லா இடங்களிலும் பிள்ளைகள் எழுதித் தள்ளினார்கள். சுவரில் கிறுக்காமல் இருக்கத் தொடங்கிய பள்ளி, சுவரில் எழுத வைத்துவிட்டது. தாய்மார்கள் தாளும் பென்சிலும் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள். நான்கு வயதுப் பிள்ளை பயிற்சியைத் தொடங்கி முதல் சொல்லை எழுத ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை ஆகிறது என்று மரியா கணக்கிட்டார்.

எழுதிய பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. எழுதத் தொடங்கிய பிள்ளைகள் உடனே படிக்கவில்லை. எழுதும்போது சொல் ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது, அதை எழுத்தாக மாற்றினால் போதும். படிக்கும்போது வேறொருவர் மனத்தில் இருந்ததை எழுத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டி ஒலிப்பது மட்டும் படிப்பாகாது, பொருள் மனத்தில் பதிந்தால்தான் படிப்பு என்பதில் மரியா உறுதியாக இருந்தார். அவர் புத்தகத்தைத் திணிக்கவில்லை, காத்திருந்தார்.

பிறகு பொருள்களின் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி, படித்த பிள்ளை அந்தப் பொருளின் மேல் தாளை வைக்கும் விளையாட்டைத் தொடங்கினார். சரியாகப் படித்தால் பொம்மை வைத்து விளையாடலாம் என்றும் ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் பொம்மையைத் தொடவில்லை. இன்னொரு துண்டுத் தாள் வேண்டும் என்று கையை நீட்டினார்கள். பரிசுக்காகப் பிள்ளை படிக்கிறது என்ற எண்ணம் பெரியவர்களுடையது என்பதை அன்று அவர் புரிந்துகொண்டார்.

புகழும் எதிர்ப்பும்

1909ஆம் ஆண்டு அவர் எழுதிய நூல் வெளியானது. 1912இல் ஆங்கிலத்தில் வந்தபோது அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. அடுத்த ஆண்டு அங்கே சென்று நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் உரையாற்றினார். அதற்குச் சற்று முன் தாயார் ரெனில்டே காலமாகியிருந்தார். 15 வயதை நெருங்கிய மரியோ அம்மாவோடு வாழ வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். வெளியுலகிற்கு அவர் மரியாவின் உறவுக்காரப் பிள்ளை என்றே அறிமுகமானார். பின்னாளில் தாயின் பணிக்கு வலது கையாக விளங்கினார்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1914இல் அவருடைய முறையைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதினார். அமெரிக்காவில் அந்த அலை விரைவில் அடங்கியது. இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. அந்த ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டது இன்றும் விமர்சிக்கப்படுகிறது. பிறகு இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. 1934இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார், அங்கே பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் அதையே செய்தது. பார்சிலோனாவில் குடியேறினார். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்தும் கிளம்பி, நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார்.

அடையாற்றில் ஓர் இத்தாலிய அம்மையார்

பிரம்ம ஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் 1939ஆம் ஆண்டு இறுதியில் மரியாவும் மரியோவும் சென்னைக்கு வந்தார்கள். அப்போது அவருக்கு 69 வயது. சில மாதங்கள் தங்கிப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அடையாற்றில் சபையின் வளாகத்தில் பாடங்கள் நடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசுக்கு அவர்கள் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோ தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மரியா அடையாற்று வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவானது. கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுக்கொடுத்த மகனை, முதுமையில் இரண்டாம் முறையாக இழந்து நின்றார்.

அந்த ஆகஸ்டு 31ஆம் தேதி அவருடைய 70ஆம் பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்து, மகனைத் திருப்பி அனுப்புவதே சிறந்த பரிசு என்று முடிவு செய்திருப்பதாக அதில் இருந்தது. உறவுக்காரர் என்று சொல்லப்பட்டு வந்த மரியோவை அரசாங்கத் தந்தி மகன் என்றே குறிப்பிட்டது.

போர் முடியும்வரை அவர்கள் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கி, இன்னும் மூத்த பிள்ளைகளுக்கான இயற்கை, அறிவியல் பாடங்களை உருவாக்கினார்கள். 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடந்தது. இந்த ஆண்டுகளில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினாலும் அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். நோபல் அமைதிப் பரிசுக்கு மூன்று முறை முன்மொழியப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடலோர ஊரில் 81ஆம் வயதில் காலமானார். அப்போது மரியோ அருகில் இருந்தார்.

நம் வீட்டு மேசையில்

அவர் சொன்னதில் ஒரு பகுதி நமக்குப் புதிதே அல்ல. விஜயதசமி அன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசித் தட்டில் எழுத வைக்கிறோம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் அரிச்சுவடி கற்றார்கள். நாம் அதை ஒரு நாள் சடங்கோடு நிறுத்திக்கொண்டோம்.

எழுத்தைக் கேட்டு நச்சரிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பெரிய செலவு வேண்டியதில்லை. ஒரு மணல்தாள், கத்தரிக்கோல், பழைய அட்டைப்பெட்டி போதும். ட, ப, ம, ர என்று எளிய வடிவங்களை முதலில் வெட்டலாம். பிள்ளை தடவும்போது ஒலியைச் சொல்லிக் கொடுக்கலாம். பின் தாள் எழுத்துகளை அடுக்கிப் படம், மரம், பட்டம் என்று அதுவே சொற்களை உருவாக்கட்டும். கால், கொம்பு, கொக்கி எல்லாம் பிறகு வரும். 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்க வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை எழுந்து ஓடினால் அன்றைய பாடம் முடிந்தது.

பாலர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் ஒன்றை நினைவில் வைக்கலாம். மாண்டிசோரி என்ற பெயர் பல நாடுகளில் எவருக்கும் தனி உரிமையானதல்ல. பலகையில் பெயர் இருப்பதால் மட்டும் உள்ளே அந்த முறை இருக்கிறது என்று பொருளாகாது. பிள்ளைகள் கையில் பொருள் இருக்கிறதா, ஒரு வேலையில் மூழ்கிய பிள்ளையை யாரும் இடையில் எழுப்பாமல் விடுகிறார்களா என்று உள்ளே போய்ப் பாருங்கள்.

இப்போதே சொல்லிக் கொடுப்பதா, காத்திருப்பதா என்ற வீட்டுச் சண்டைக்கு அந்த அம்மையாரின் வாழ்க்கை ஒரு பதில் தருகிறது. கேட்கும் பிள்ளைக்கு மறுக்க வேண்டாம், கேட்காத பிள்ளையைத் துரத்த வேண்டாம். எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்கும் வாய்ப்பு தம் சொந்த மகனிடத்தில் மரியாவுக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது.